இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய சவூதியின் அல் அஹ்லி எப்படி ஆசிய சாம்பியன் ஆனது?

1937-இல் தொடங்கிய ஜெத்தா கால்பந்து கிளப் இது. 2022-இல் முதல்முறையாகக் கீழே இறங்கி, மறு ஆண்டே மேலே வந்தது. 2023 ஜூனில் சவூதி பொது முதலீட்டு நிதியம் 75 சதவீதப் பங்கை எடுக்க, மஹ்ரெஸ், மென்டி, கெஸ்ஸி, ஃபிர்மினோ என நட்சத்திர வீரர்கள் எல்லாரும் வந்தார்கள்.

பணம்தான் காரணம் என்றால் பாதிதான் சரி. ஆசிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இவர்களிடம் தோற்ற அல் ஹிலாலும் அப்போது அதே நிதியத்தின் அணியாகத்தானே இருந்தது!

2025 மே 3 இறுதிப்போட்டியில் ஜப்பானின் கவாசாகி ஃப்ரொன்டாலேயை 2-0 என வென்றார்கள். அதில் ஒரு வேடிக்கை: புதிதாக வந்த வீரர் கலேனோவுக்கு இடம் கொடுக்க ஃபிர்மினோவை உள்நாட்டு லீக் பட்டியலிலிருந்தே நீக்கியிருந்தார்கள். முதல் கோலை அடித்தவர் கலேனோ. பந்தைக் கொடுத்தவர் ஃபிர்மினோ! கெஸ்ஸியின் தலைமுட்டு கோலுக்கும் அவர்தான் பந்து போட்டார்.

அப்புறம் ஆகஸ்டில் ஹாங்காங்கில் இன்னொரு சவூதி அணியான அல் நஸ்ரை பெனால்டியில் வீழ்த்தி சவூதி சூப்பர் கோப்பையையும் எடுத்தார்கள்.