பாட்டில் பொம்மை செய்தால் குப்பை குறையுமா?

கேள்வி: நாலு வயசு மகளோடு சேர்ந்து வாரம் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பொம்மை செய்கிறோம் டீச்சர். பத்தே நாளில் அது குப்பைக்குப் போய்விடுகிறது. இதனால் பயன் உண்டா?

பதில்: கை பழகும், கற்பனை வளரும். ஆனால் குப்பை குறையாது. வெறும் பாட்டிலை மறுசுழற்சிக்குக் கொடுக்கலாம். பெயின்ட் அடித்து, பஞ்சும் துணியும் ஒட்டிய பாட்டிலைப் பெரும்பாலும் ஒதுக்கித்தான் போடுவார்கள். அதனால் எதைச் செய்யத் தொடங்கினாலும், ‘இனி வீட்டுக்கு வரப்போகிற எந்தப் பிளாஸ்டிக்கை இது தடுக்கும்?’ என்று முதலில் கேட்டுக்கொள்வேன்.

பழைய டி-சர்ட்டில் பை செய்யுங்கள். ஊசி நூல் வேண்டாம். கை இரண்டையும் கழுத்தையும் நீங்கள் வெட்டி எடுங்கள். கீழ் ஓரத்தை இரண்டு விரல் அகலப் பட்டைகளாக நறுக்குங்கள். முன்பட்டையையும் பின்பட்டையையும் சேர்த்து முடிச்சுப் போடுவது மகளின் வேலை. முடிச்சுகளுக்கு நடுவே ஓட்டை தெரியும்; பக்கத்துப் பட்டையோடு இன்னொரு முடிச்சு போட்டால் அடைந்துவிடும். முடிச்சு கோணலாக இருந்தாலும் நீங்கள் அவிழ்த்துச் சரிசெய்யாதீர்கள். தான் முடிந்த பையை எடுக்காமல் உங்களைக் கடைக்குப் போகவிட மாட்டாள்.

கேள்வி: வாழ்த்து அட்டைக்குக் கிளிட்டர் தூவலாமா?

பதில்: வேண்டாம். அது பெரும்பாலும் அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் படலத்தின் துகள்தான். கை கழுவும்போது சாக்கடைக்குப் போனால் திரும்ப எடுக்கவே முடியாது. காய்ந்த இலைகளைப் பஞ்சிங் மெஷினில் துளையிட்டால் வட்ட வட்டமாக விழும். அதைத் தூவுங்கள், அழகாகவே இருக்கும்.

கேள்வி: ஆமை மூக்கில் ஸ்ட்ரா மாட்டிய படத்தைக் காட்டினேன். ஐந்து வயசுப் பையன் அழுதுவிட்டான். வேறு எப்படிப் புரியவைப்பது?

பதில்: பயமுறுத்தாதீர்கள் அம்மா. அந்த வயசில் பயம் மட்டும்தான் மனசில் தங்கும். ஒரு தொட்டி மண்ணில் இலை, காகிதம், பருத்தித் துணி, பிஸ்கட் உறை நான்கையும் புதைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு மாசம் கழித்து அவனே தோண்டட்டும். என் வகுப்பில் தோண்டியபோது இலையில் நரம்புதான் மிச்சம். துணி இழுத்த இடத்தில் கிழிந்தது. உறையை எடுத்த சிறுமி மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டு, எழுத்துக் கூட்டிப் படித்தாள். “டீச்சர், இது மட்டும் புதுசாவே இருக்கு!” அதற்குமேல் நான் எதுவும் விளக்கவில்லை.

கேள்வி: எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்றுதானே? ஏன் பிரித்துப் போட வேண்டும் என்கிறாள் ஏழு வயசு மகள்.

பதில்: நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்ட தண்ணீர் பாட்டிலில் சின்னத் துண்டு ஒன்றை நீங்கள் வெட்டுங்கள், ஓரம் கையைக் கிழிக்கும். அதன் மூடியிலும் ஒரு துண்டு. இரண்டையும் தண்ணீரில் அமுக்கி, ஒட்டிய காற்றுக்குமிழ் போனபின் விடச் சொல்லுங்கள். பாட்டில் துண்டு மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும். மறுசுழற்சி ஆலைகளிலும் இப்படித்தான் பிரிக்கிறார்கள்.

கேள்வி: இரண்டு வயசுக் குழந்தைக்கு மூடிகளைக் கோத்து விளையாடக் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுதாக அடங்கும் பொருள் மூன்று வயசுக்குட்பட்டவர்களின் தொண்டையை அடைக்கலாம் என்பது பொம்மைப் பாதுகாப்புக் கணக்கு. சாதாரணத் தண்ணீர் பாட்டில் மூடி ஏறக்குறைய 30 மி.மீ.தான்.

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்கு ‘கழிவில் கலை’ செய்ய, புது ஸ்ட்ரா ஒரு கட்டு வாங்கிவரச் சொல்கிறார்கள்.

பதில்: படிக்கவே வருத்தமாக இருக்கிறது. ஆசிரியரிடம் தனியாக, பணிவாகப் பேசுங்கள். அதற்குப் பதில் ஒரு சார்ட் கொண்டுவருகிறோம் என்று கேளுங்கள். வீட்டில் தினமும் தூக்கிப்போடும் கவர், உறை, பாட்டில் ஒவ்வொன்றுக்கும் பிள்ளை அதில் ஒரு கோடு போடட்டும். முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், எண்ணினால் போதும். அடுத்த வாரம் எந்தக் கோட்டைக் குறைக்கலாம் என்று பிள்ளையையே கேளுங்கள்.