ஒரு சட்டத்தை ‘ரத்து செய்வது’ என்றால் என்ன? தடை விதிப்பதும் அதுவும் ஒன்றா?

இல்லை, இரண்டும் வேறு வேறு.

நடைமுறையில் இருக்கும் சட்டத்தையோ உத்தரவையோ உரிமத்தையோ, அதிகாரம் உள்ளவர்கள் முறைப்படி செல்லாததாக்குவதுதான் ரத்து. யார் செய்கிறார்கள் என்பதுதான் இதில் முக்கியம். பொதுவாக, ஒன்றைப் பிறப்பிக்கும் அதிகாரத்துக்குள்ளேயே அதைத் திரும்பப் பெறும் அதிகாரமும் அடங்கியிருக்கிறது. நண்பரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவைத்தவர்தான் அதைத் திரும்பக் கேட்க முடியும். பக்கத்து வீட்டுக்காரர் போய்க் கேட்டால் செல்லாது.

இந்திய நாடாளுமன்றம் 2020-இல் நிறைவேற்றிய மூன்று வேளாண் சட்டங்களைப் பாருங்கள். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அப்போதும் சட்டங்கள் இருக்கத்தான் செய்தன, செயல்படவில்லை, அவ்வளவுதான். அப்புறம் நவம்பர் 19 அன்று பிரதமர் அவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அன்றே பலர் ‘ரத்தாகிவிட்டது’ என்று பேசினார்கள். ஆனால் அறிவிப்பு வேறு, ரத்து வேறு. நவம்பர் 29 அன்று இரு அவைகளும் ரத்து மசோதாவை நிறைவேற்றி, அதற்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த பிறகுதான் அவை உண்மையில் ரத்தாயின. நாடாளுமன்றம் இயற்றியதை நாடாளுமன்றமே நீக்க வேண்டியிருந்தது.

ரத்து செய்தால் அது முதலிலிருந்தே இல்லாததாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பொதுவாக அப்படி ஆவதில்லை, ஓட்டுநர் உரிமம் இன்று ரத்தானால், நேற்று வரை அதை வைத்து ஓட்டியது குற்றமாகாது.