அனுபவசாலியா, இளையவரா? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஆட்டக்காரர் தேர்வு: கேள்வி பதில்

கேள்வி: இரண்டு பருவங்களாக வெற்றிகளைக் குவித்த, பந்தை வீசித் தாக்குதலை வழிநடத்தும் குவாட்டர்பேக்கைத் தேசிய இறுதி ஆட்டத்தின் நடுவில் உட்காரவைத்துவிட்டு, முதலாண்டு மாணவரை அலபாமா பல்கலைக்கழகம் களமிறக்கியது. அது சூதாட்டமா, கணக்கா? (ஹூஸ்டன் வாசகர்)

பதில்: கணக்குத்தான். 2018 ஜனவரி 8 அன்று அட்லாண்டாவில் ஜார்ஜியாவுக்கு எதிராக இறங்கியபோது, தொடக்க ஆட்டக்காரராக ஜேலன் ஹர்ட்ஸ் 25 வெற்றிகளையும் இரண்டே தோல்விகளையும் கண்டிருந்தார். ஆனால் அன்றைய முதல் பாதியில் அவர் வீசிய எட்டுப் பந்துகளில் மூன்றே சக ஆட்டக்காரர்களிடம் சேர்ந்தன; கிடைத்தது 21 யார்டு; அணி 13-0 எனப் பின்தங்கியிருந்தது. ஹர்ட்ஸின் பெரும்பலம் பந்துடன் ஓடுவது. அந்த வழியை எதிரணி அடைத்துவிட்டபின், தொலைவுக்கு வீசக்கூடிய ஒருவர் இல்லாமல் அந்த இடைவெளியைக் கடக்க இயலாது என்று பயிற்சியாளர் நிக் சேபன் முடிவுசெய்து, டுவா டாகோவைலோவாவை அனுப்பினார்.

இதில் பலரும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. டுவா அன்று எதிரணியிடம் ஒரு பந்தைப் பறிகொடுத்தார். கூடுதல் நேரத்தின் முதல் முயற்சியிலேயே 16 யார்டு பின்னால் வீழ்த்தப்பட்டார். அதற்கு அடுத்த முயற்சியில்தான் டெவான்டா ஸ்மித்துக்கு 41 யார்டு வீசி, 26-23 என ஆட்டத்தை முடித்தார். இளையவரை இறக்குபவர் அவருடைய தவறுகளையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு பிழைக்குப் பின் உடனே திரும்ப அழைப்பதாக இருந்தால், அந்த மாற்றத்தைச் செய்யாமல் இருப்பதே நல்லது. மேலும், டுவா அன்றுதான் முதன்முறை களம் கண்டவர் அல்லர். அணி பெரிதும் முன்னிலை பெற்ற ஆட்டங்களின் பிற்பகுதிகளில் அந்தப் பருவம் முழுவதும் ஆடிப் பழகியிருந்தார்.

கேள்வி: பயிற்சியில் மூத்தவரைவிட நன்றாக ஆடும் இளையவரை ஏன் முதலிலிருந்தே ஆடவைப்பதில்லை? (கொலம்பஸ் மாணவர்)

பதில்: பயிற்சி காட்டுவது பாதியைத்தான். பருவத்தின்போது வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்பது விதி. அந்த நேரத்தில் பெரும்பகுதி முதல் அணிக்கே போகிறது. மாற்று ஆட்டக்காரர் பல நாட்களில் அடுத்த எதிரணியின் ஆட்டத்தைப் போலச் செய்து காட்டுபவராகவே நிற்கிறார். குவாட்டர்பேக்கைப் பயிற்சியில் யாரும் மோதி வீழ்த்துவதில்லை என்பதால், மூவர் பாய்ந்து வரும்போதும் அவர் பார்வை களத்தில் நிலைக்குமா என்பது அங்கே தெரியாது. பந்தேந்தி ஓடும் இளையவர்களிடம் பயிற்சியாளர்கள் முதலில் தேடுவதும் வேகத்தை அன்று. திடீரெனப் பாய்ந்து வரும் எதிரியை அடையாளம் கண்டு, மறித்துத் தம் குவாட்டர்பேக்கைக் காக்கத் தெரிகிறதா என்பதையே பார்க்கிறார்கள். அது தெரியாதவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் முக்கியமான தருணங்களில் வெளியேதான் நிற்பார்.

கேள்வி: எல்லா இடங்களுக்கும் ஒரே அளவுகோலா? (ஆஸ்டின் வாசகர்)

பதில்: இல்லை. குவாட்டர்பேக்குக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் தாக்குதல் வரிசையின் ஐவரும் ஒருவர் அசைவை மற்றவர் அறிந்து நகர வேண்டியவர்கள். அங்கே 18 வயதுக்காரர் 22 வயதுக்காரரின் உடல் வலுவோடு நேருக்கு நேர் மோதவும் வேண்டும். அங்கு நான் பெரும்பாலும் அனுபவத்தின் பக்கமே நிற்பேன். பந்தைப் பிடிக்க ஓடுபவர்களுக்கு வேகம் பெரிதும் துணைநிற்பதால் அவர்கள் முதலாண்டிலேயே இடம்பிடிப்பது அரிதன்று.

கேள்வி: நான்கு ஆட்ட விதி இந்தத் தேர்வை எப்படி மாற்றியது? (சார்லட் வாசகர்)

பதில்: 2018 முதல், ஒரு பருவத்தில் நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் அந்த ஆண்டை ரெட்ஷர்ட் ஆண்டாக, அதாவது ஆடாத ஆண்டாக, கணக்கிட்டு, ஆடும் தகுதியில் ஓராண்டைக் காத்துக்கொள்ளலாம். இளையவர்களை உண்மையான ஆட்டத்தில் சோதிக்கப் பயிற்சியாளர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. அதே விதி மூத்தவருக்கும் கதவு திறந்தது.

அந்த ஆண்டே கிளெம்சனில் அது நடந்தது. முந்தைய பருவத்தில் அணியைத் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்கு அழைத்துச் சென்ற கெல்லி பிரையன்ட், நான்கு ஆட்டங்களும் வெற்றியாக முடிந்திருந்த நிலையில், முதலாண்டு மாணவர் டிரெவர் லாரன்ஸிடம் இடத்தை இழந்தார். நான்கு ஆட்டங்களே ஆடியிருந்ததால் அந்த ஆண்டைக் காத்துக்கொண்டு, உடனே அணியைவிட்டு விலகி, பின்னர் மிசௌரியில் சேர்ந்தார். அடுத்த ஆட்டத்திலேயே, சிராக்யூஸுக்கு எதிராக, லாரன்ஸ் காயமடைந்து வெளியேற, அதுவரை பெரிதாக ஆடியிராத சேஸ் பிரைஸ் உள்ளே வந்து 27-23 என மீட்டுக்கொடுத்தார். அந்த அணி அப்பருவத்தின் 15 ஆட்டங்களையும் வென்று, இறுதியில் அலபாமாவை 44-16 என வீழ்த்தியது.

பயிற்சியாளர் டாபோ ஸ்வினி செய்தது சரியென்றே கருதுகிறேன். பருவம் முழுவதும் இழுத்தடித்து, பிரையன்ட்டின் ஓராண்டை வீணாக்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. விலகிய பிரையன்ட்டைத் துரோகி என்றவர்களோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனாலும் மாற்று வரிசை எவ்வளவு மெலிந்துபோனது என்பதை சிராக்யூஸ் ஆட்டம் காட்டியது; இளையவரைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சியாளர், மூத்தவர் போய்விட்டால் அடுத்து நிற்பவர் யார் என்பதை அன்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: இருவரையும் மாற்றி மாற்றி ஆடவைத்தால் என்ன? (டெட்ராய்ட் வாசகர்)

பதில்: 1999-இல் மிஷிகன் பயிற்சியாளர் லாயிட் கார் அதைச் செய்து பார்த்தார். முதல் கால்பகுதி இறுதியாண்டு மாணவர் டாம் பிரேடிக்கு, இரண்டாவது இளையவர் ட்ரூ ஹென்சனுக்கு. இரண்டாம் பாதியில் ஆடுபவர் யார் என்பது இடைவேளையில் முடிவாகும். பருவத்தின் நடுவில் அதைக் கைவிட்டு பிரேடியையே நிலைநிறுத்தினார். மற்ற இடங்களில் சுழற்சி நல்லதே. குவாட்டர்பேக் இடத்தில் அது இருவரின் நம்பிக்கையையும் குறைக்கிறது என்பது என் கருத்து.

கேள்வி: தோற்றுக்கொண்டிருக்கும் அணி இளையவர்களுக்கே இடம் தரலாமா? (ஒமாஹா வாசகர்)

பதில்: 12 ஆட்டங்களில் ஆறு வெற்றி வந்தால் பருவ இறுதியில் நடக்கும் பவுல் ஆட்டத்துக்குப் பொதுவாகத் தகுதி உண்டு. ஏழாவது தோல்விவரை மூத்தவர்களின் உரிமையை மதிக்க வேண்டும். அதன்பின் தாராளமாகத் தரலாம்.

கேள்வி: என் மகன் இரண்டாமாண்டு மாற்று ஆட்டக்காரர். டிரான்ஸ்பர் போர்ட்டலில் (வேறு கல்லூரிக்கு மாற விரும்புவோர் பட்டியலில்) பெயர் கொடுக்கலாமா? (நியூ ஜெர்சி பெற்றோர்)

பதில்: முதலில் பட்டத்துக்கு இன்னும் எத்தனை பாடங்கள் மீதமிருக்கின்றன என்று பாருங்கள். இடமிழந்த ஹர்ட்ஸ் அலபாமாவில் இன்னொரு பருவம் இருந்தார். 2018 டிசம்பர் 1 அன்று அதே ஜார்ஜியாவுக்கு எதிராக டுவா காயமடைந்தபோது உள்ளே வந்து 35-28 என வென்றுகொடுத்தார். பட்டம் பெற்றபின்பே ஒக்லஹோமாவுக்குச் சென்று, கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான 2019 ஹைஸ்மன் விருதில் இரண்டாமிடம் பெற்றார். அவ்வாண்டு அவ்விருதை வென்ற ஜோ பரோவும் ஒஹாயோ ஸ்டேட்டில் மாற்று ஆட்டக்காரராகக் காத்திருந்து, பட்டம் முடித்து லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனவர்தான். அடுத்ததாக, பருவம் முடிந்ததும் தாம் எந்த நிலையில் இருக்கிறோம், எதைச் சரிசெய்தால் முதலிடம் கிடைக்கும் என்று பயிற்சியாளரிடம் உங்கள் மகனே நேரில் கேட்கட்டும். தெளிவான பதில் கிடைத்தால் அங்கேயே இருக்கட்டும். மழுப்பலான பதில் வந்தால் வேறிடம் தேடுவதில் தவறில்லை.