பற்கூழ் திரும்ப வளருமா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. விழுந்ததில் மேல் முன்பல்லின் நரம்பு செத்துவிட்டது. வேர் முழுதாக வளரவில்லை, ஸ்டெம் செல் முறையில் முயலலாம் என்கிறார் பல் மருத்துவர். செல்லை வெளியிலிருந்து கொண்டுவந்து வைப்பார்களா?

பதில்: மாட்டார்கள். புதுத் திசுவாக மாறக்கூடிய ஸ்டெம் செல்கள் அவன் வேர்நுனியைச் சுற்றியே இருக்கின்றன. அவற்றை ரத்தத்தோடு பல்லுக்குள் வரவழைப்பதுதான் இந்தச் சிகிச்சை. பல் முளைத்த பிறகு வேர்நுனி மூட ஏறக்குறைய 3 ஆண்டுகள் ஆகும். அதற்குள் கூழ் (பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்திசு) இறந்தால் வேர்ச்சுவர் மெலிதாகவே நின்று, பிற்பாடு சின்ன அடிக்கும் முறியும்.

முதல் அமர்வில் சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியின் 1.5% கரைசல் 20 மி.லி. எடுத்து, 5 நிமிடம் மெதுவாகக் கழுவுவார்கள். ஊசிமுனை வேர்நுனிக்கு 1 மி.மீ. முன்பே நிற்க வேண்டும். வழக்கமான வேர் சிகிச்சைக்குப் பழகிய கை 5% கரைசலை எடுத்துவிட்டால் கிருமியோடு செல்களும் சாகும். சுவரை அரத்தால் சுரண்டவும் கூடாது, ஏற்கெனவே மெல்லிய சுவர். பிறகு கிருமியை அடக்கக் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்துத் தற்காலிகமாக அடைத்து, 1 முதல் 4 வாரம் விடுவார்கள். அதற்குப் பதிலாக மூன்று ஆன்டிபயாட்டிக் கலந்த பசையும் உண்டு. அதில் மினோசைக்ளின் இருந்தால் பல் கறுக்கும். முன்பல் என்பதால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வலி, வீக்கம், சீழ் எல்லாம் அடங்கினால்தான் இரண்டாம் அமர்வு. மரத்துப்போக அட்ரினலின் கலக்காத 3% மெபிவகைன் போடுவார்கள். அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும், ரத்தமே வராது. அடுத்து 17% இ.டி.டி.ஏ. என்ற கரைசல் 20 மி.லி. விட்டுக் கழுவுவார்கள். பல்திசுவில் புதைந்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளை (செல்லை வளரத் தூண்டும் புரதங்களை) இது வெளியே எடுத்துவிடும். பின் மெல்லிய கம்பியை வேர்நுனிக்கு அப்பால் 2 மி.மீ. செலுத்திச் சீண்டி, கால்வாய் நிறைய ரத்தம் ஏற விடுவார்கள். மேலே அடைப்புக்கு 3–4 மி.மீ. இடம் விட்டு ரத்தம் உறைந்ததும் கொலாஜன் (புரத நார்) துண்டு, எம்.டி.ஏ. என்ற பல் சிமெண்ட், கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புப் பொருள் என்று அடுக்குவார்கள். எம்.டி.ஏ.வும் நிறத்தைக் கெடுக்கலாம், கறை படியாத கால்சியம் சிலிகேட் வகைகள் இருக்கின்றன.

பெரும்பாலும் கெடுப்பவை இரண்டு: உள்ளே மிஞ்சிய கிருமி, கசியும் மேல் அடைப்பு. எக்ஸ்ரேயில் வேர்நுனியின் கருநிழல் 6–12 மாதத்தில் மறைய வேண்டும்; சுவர் தடிப்பது தெரிய 12–24 மாதம் ஆகும். உள்ளே வளர்வது பெரும்பாலும் அசல் கூழ் அல்ல, எலும்பையும் வேர்ச்சிமெண்டையும் (வேரின் வெளி உறை) ஒத்த திசு. குளிர்ச்சி வைத்துப் பார்க்கையில் பல் உணராமல் போனால் அதை மட்டும் வைத்துத் தோல்வி என்று சொல்லிவிட முடியாது.

கேள்வி: எனக்கு 35 வயது. வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப்பல் மறுபடி வலிக்கிறது. ஸ்டெம் செல் ஊசி போட்டால் போதும் என்கிறார்களே?

பதில்: நம்பாதீர்கள். உங்களுக்கு மறு வேர் சிகிச்சையோ வேர்நுனி அறுவை சிகிச்சையோதான். வேர்நுனி மூடிய பல்லில் செல் வைத்துப் பார்த்த ஆய்வுகள் இருப்பது உண்மைதான். ஜப்பானில் 2017இல் வெளியான ஆய்வில் நோயாளியின் இன்னொரு பல்லிலிருந்தே கூழ்ச்செல்லை எடுத்து வளர்த்து, ஜி-சி.எஸ்.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியோடு கொலாஜனில் கலந்து வைத்தார்கள்; பங்கேற்றவர்கள் ஐந்தே பேர். சிலி நாட்டில் தொப்புள்கொடிச் செல்களைக் கொண்டு முயன்றார்கள். இரண்டுக்கும் செல்லைத் தூய்மையாக வளர்த்துச் சோதிக்கும் ஆய்வகம் வேண்டும். ஊசியை அலமாரியிலிருந்து எடுத்துப் போடுகிற விஷயமல்ல. யாருடைய செல், எங்கே வளர்த்தது, எந்த அரசு அமைப்பின் அனுமதி என்று கேளுங்கள். பதில் மழுப்பலானால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: விழுந்த பால்பற்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பின்னால் உதவுமா?

பதில்: உதவாது. காய்ந்த பல்லில் உயிருள்ள செல் இராது. ஸ்டெம் செல்லைச் சேமிக்கும் வங்கிக்கு ரத்த ஓட்டமுள்ள கூழோடு எடுத்த, சொத்தையில்லாத பல் வேண்டும். எடுத்ததும் செல்லை உயிரோடு காக்கும் ஊடகக் கரைசலில் குளிர்ச்சியாக அனுப்ப வேண்டும். அப்படிச் சேமித்தாலும் இன்று அதை வழக்கமான சிகிச்சையாகப் பயன்படுத்தும் நிலை வரவில்லை. சேமிப்புக்கென்று பணத்தைச் செலவழிக்கும் அவசரம் வேண்டாம்.