பழைய லென்ஸ் போதும், புரோக்கரின் செட் வேண்டாம்

கேள்வி: அண்ணா, சென்னிமலையில் கைத்தறி பெட்ஷீட், சேலைகளுக்கு கேட்டலாக் படம் எடுக்கிறேனுங்க. பெரிய சென்சாருள்ள ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் 50ஆர் கேமராவின் பாடியை மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டேன். அதற்கான லென்ஸ் விலை கைக்கு எட்டவில்லை. என்னிடம் நிக்கான் 50 எம்எம் எஃப் 1.8டி, 105 எம்எம் எஃப் 2.5, 24-70 எஃப் 2.8ஜி இருக்கின்றன. அப்பா ஸ்டுடியோ நடத்தியபோது வைத்திருந்த மாமியா 645 கேமராவும் அதன் 80 எம்எம் லென்ஸும் பீரோவில் கிடக்கின்றன. கோயமுத்தூர் புரோக்கர் ஒருவர், கண்ணாடி வைத்த அடாப்டரும் (வேறு கம்பெனி லென்ஸைப் பாடியில் பொருத்தும் இணைப்பு) இரண்டு லென்ஸும் சேர்த்து செட்டாகத் தருவதாகச் சொல்கிறார். எல்லா லென்ஸும் ஆட்டோ ஃபோகஸோடு ஓடுமாம், மூலை கறுக்காதாம். அது வேண்டாமென்றால் பாடியைக் கொடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் பணம் போட்டு ஹாசல்பிளாட் எக்ஸ்1டி எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். இரண்டு ஸ்டுடியோ ஃபிளாஷ் வைத்துத்தான் என் வேலை. என்ன செய்யட்டும்ங்க?

பதில்: தம்பி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அவரிடம் செட்டும் வாங்க வேண்டாம், பாடியையும் மாற்ற வேண்டாம். மாமியா 645 லென்ஸை ஜிஎஃப்எக்ஸில் மாட்டுகிற, கண்ணாடி இல்லாத வெறும் அடாப்டர் ஒன்று, நிக்கான் எஃப் மவுண்டுக்கு (லென்ஸ் மாட்டும் வாய்) ஒன்று, இரண்டையும் பில்லோடு வாங்குங்கள். உங்கள் வேலைக்கு முதல் லென்ஸ் பீரோவில் கிடக்கும் அந்த 80 எம்எம்தான்.

வெறும் அடாப்டர் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கண்ணாடி வைத்த அடாப்டரை ஏதோ உயர்ந்த சரக்கு போல விற்கிற பழக்கம் நம் பக்கம் வேரூன்றிவிட்டது. ஒரு லென்ஸ், தூரத்தில் இருப்பதைத் தெளிவாகக் காட்ட, சென்சாரிலிருந்து குறிப்பிட்ட தூரத்தில் உட்கார வேண்டும். நிக்கான் எஃப் மவுண்டுக்கு அந்தத் தூரம் 46.5 மி.மீ. மாமியா 645க்கு 63.3 மி.மீ. உங்கள் ஜிஎஃப்எக்ஸில் மவுண்டுக்கும் சென்சாருக்கும் நடுவே இருப்பது 26.7 மி.மீ. மட்டும். மீதித் தூரத்தை நிரப்பினால் போதும். நிக்கானுக்கு 19.8 மி.மீ. கனமுள்ள வளையம், மாமியாவுக்கு 36.6 மி.மீ. கனமுள்ள குழாய். அவ்வளவுதான் அடாப்டர். அதில் கண்ணாடிக்கு வேலையே இல்லை. லென்ஸ் கேட்கும் தூரத்தைவிட பாடியின் தூரம் கூடுதலாக இருக்கும் சில பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில் ஒட்டுப்போட அந்தக் கண்ணாடி தேவைப்பட்டது. ஜிஎஃப்எக்ஸில் அதை நுழைத்தால் நல்ல லென்ஸின் கூர்மையை நீங்களே காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்கிறீர்கள். படத்தைச் சுருக்கி வெளிச்சத்தைக் கூட்டும் ஃபோகல் ரெடியூசர் என்று கண்ணாடியோடு நேர்மையாக வருகிற பொருள் வேறு. இவர் தருவது அதுவாக இருந்தாலும் நிக்கான் லென்ஸுக்கு உதவாது. லென்ஸ் சென்சார்மேல் போடும் வெளிச்ச வட்டத்தை இன்னும் சுருக்கி மூலையை மேலும் கறுப்பாக்கும்.

மூலை கறுக்கிற விஷயம் இதுதான். உங்கள் சென்சார் 43.8 × 32.9 மி.மீ., மூலைக்கு மூலை ஏறக்குறைய 55 மி.மீ. நிக்கான் லென்ஸ்கள் 36 × 24 மி.மீ. ஃபிலிமுக்காகச் செய்யப்பட்டவை. அதன் மூலைவிட்டம் 43 மி.மீ. சொச்சம். அந்த அளவுக்கு மேல் வெளிச்சம் தருவேன் என்று அந்த லென்ஸைச் செய்தவர்கள் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. சில தரும், சில தராது. பொதுவாக 50 எம்எம்முக்கு மேல் உள்ள, ஜூம் இல்லாத ஒற்றை லென்ஸ்கள் தாக்குப்பிடிக்கும். வைடும் ஜூமும் கைவிடும். உங்கள் 105, அப்பர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளை) எஃப் 8க்குச் சுருக்கி வைத்தால் வேலைக்கு ஆகும். 50 எம்எம்மில் மூலை மங்கும், கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம். 24-70ஐ மறந்துவிடுங்கள். அதில் அப்பர்ச்சர் வளையம்கூட இல்லை. கேமராவில், சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுக்கும் 35 எம்எம் மோடு போட்டால் கறுப்பு போய்விடும் என்று சொல்வார்கள். போகும், ஆனால் 51 மெகாபிக்சல் சுமார் 30 ஆகச் சுருங்கும். பெரிய சென்சார் என்று காசைப் போட்டுவிட்டு அதன் ஓரங்களைத் தூக்கிப் போடுவதற்கு உங்கள் பழைய நிக்கான் பாடியே போதுமே.

மாமியா 645க்கு இந்தத் தொல்லை இல்லை. அது 56 × 41.5 மி.மீ. ஃபிலிமுக்கான லென்ஸ், உங்கள் சென்சாரைத் தாண்டி வெளிச்சம் கொட்டும். 80 எம்எம் இந்தக் கேமராவில் ஃபுல் ஃபிரேமின் (36 × 24 மி.மீ.) 63 எம்எம் போலப் பார்க்கும். மடித்த சேலைக்கும், கட்டிலில் விரித்த பெட்ஷீட்டுக்கும் பொருத்தமான பார்வை. அதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். லென்ஸின் பக்கவாட்டில் ஏ, எம் என்று ஒரு சின்ன நெம்பு இருக்கும். அடாப்டரில் மாட்டும்போது அது எம் பக்கம் இருக்க வேண்டும். ஏ பக்கம் இருந்தால் வளையத்தை எவ்வளவு திருகினாலும் அப்பர்ச்சர் திறந்தே கிடக்கும். அடாப்டர் கெட்டது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

ஆட்டோ ஃபோகஸ் வரும் என்றாராம். உங்கள் 50 எம்எம் டி லென்ஸில் மோட்டார் கிடையாது, பாடியிலிருந்து ஒரு திருகு வந்து சுழற்ற வேண்டும். 105ம் மாமியாவும் பிறவியிலேயே மேனுவல். இந்த மூன்றையும் ஜிஎஃப்எக்ஸில் தானாக ஃபோகஸ் செய்ய வைக்கிற அடாப்டரை அவர் எந்தப் பெட்டியிலிருந்தும் எடுக்க முடியாது. கேனன் இஎஃப் லென்ஸ்களுக்கு மின்தொடர்புள்ள அடாப்டர்கள் உண்டு, அவற்றில் ஆட்டோ ஃபோகஸ் ஓடும். அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு எல்லா லென்ஸுக்கும் பொருத்திச் சொல்கிறார்கள். என் பட்டறையில் லென்ஸ் பிரித்துத் துடைக்க வருகிறவர்களிடம் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இன்னும் சிலர் நிக்கானிலிருந்து இஎஃப்புக்கு ஒன்று, இஎஃப்பிலிருந்து ஜிஎஃப்எக்ஸுக்கு இன்னொன்று என இரண்டு அடாப்டரை அடுக்கி விற்கிறார்கள். இரண்டு இணைப்பிலும் ஆட்டம் இருக்கும். படத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் வந்தால் அதற்குக் காரணம் லென்ஸ் அல்ல, அந்த ஆட்டம்தான்.

இனி எக்ஸ்1டி. இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். கெட்ட கேமரா என்று நான் சொல்லவே இல்லை. 2016இல் வந்தது, உங்கள் கேமராவின் அளவேயுள்ள சென்சார், அருமையான நிறம். ஆனால் அந்தப் பாடிக்குள் திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. ஷட்டர் அதன் எக்ஸ்சிடி லென்ஸ்களுக்குள் இருக்கிறது. அந்த லென்ஸோடு என்றால் 1/2000 நொடியில்கூட ஃபிளாஷ் ஒத்துப்போகும், உங்கள் ஜிஎஃப்எக்ஸில் 1/125 தான். இதைக் காட்டித்தான் விற்பார்கள். நீங்கள் மாட்டப்போவதோ மாமியாவும் நிக்கானும். அவற்றுக்குள் அந்தப் பாடி இயக்கக்கூடிய ஷட்டர் இல்லை. அப்போது மிச்சமிருப்பது எலக்ட்ரானிக் ஷட்டர் மட்டும். சென்சாரை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படித்து முடிக்க அதற்கு ஏறத்தாழ 0.3 நொடி ஆகிறது. அதில் ஃபிளாஷ் அடிக்காது. உங்கள் இரண்டு ஸ்டுடியோ ஃபிளாஷும் சும்மா நிற்கும். சரி, எல்இடி விளக்கு வைத்து எடுக்கலாமே என்றால், மலிவான எல்இடியின் துடிப்பு படத்தில் பட்டை பட்டையாக விழும். சேலை கட்டிய மாடல் லேசாகத் திரும்பினாலும் கரை வளைந்து போகும். அசையாத பொருள், துடிக்காத விளக்கு, ட்ரைபாட் மூன்றும் இருந்தால் நல்ல படம் வரும், மறுக்கவில்லை. ஹாசல்பிளாட்டின் எச் வரிசை லென்ஸ்களுக்குள் ஷட்டர் இருக்கிறது, அந்தக் கம்பெனியே தரும் எக்ஸ்எச் அடாப்டரில் அவை ஃபிளாஷோடு வேலை செய்யும். ஆனால் அதே கம்பெனியின் பழைய வி வரிசை லென்ஸ்களை எக்ஸ்வி அடாப்டரில் மாட்டினால் மீண்டும் எலக்ட்ரானிக் ஷட்டர்தான். லென்ஸுக்குள் ஷட்டர் இருந்தும் பாடியால் அதை இயக்க முடியாது. உங்களிடம் எச் லென்ஸ் இல்லை. ஃபிளாஷில் பிழைப்பு நடத்தும் ஒருவரிடம் இதைச் சொல்லாமல் மேலே காசு கேட்கிறவரை நான் வியாபாரி என்று ஏற்க மாட்டேன்.

உங்கள் 50ஆரில் ஷட்டர் பாடிக்குள்ளேயே இருக்கிறது. எந்த லென்ஸ் மாட்டினாலும் 1/125இல் ஃபிளாஷ் அடிக்கும். மெனுவில் லென்ஸ் இல்லாமல் படமெடுக்கும் வசதியை ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் பொத்தானை அழுத்தினாலும் பேசாமல் இருக்கும். ஷட்டரை மெக்கானிக்கலில் வையுங்கள். மேனுவல் மோடில் எக்ஸ்போஷர் பிரிவியூவை ஆஃப் செய்துவிடுங்கள். ஃபிளாஷுக்காக எஃப் 8, எஃப் 11 வைத்தால் திரை இருட்டிவிடும், ஃபோகஸ் பார்க்க முடியாது. அப்புறம், திறந்து வைத்து ஃபோகஸ் செய்துவிட்டுப் பிறகு சுருக்கும் பழக்கத்தை விடுங்கள். படமெடுக்கும் அப்பர்ச்சரிலேயே பெரிதாக்கிப் பார்த்து நூலில் ஃபோகஸ் வையுங்கள். பழைய லென்ஸ்கள் சிலவற்றில் சுருக்கும்போது ஃபோகஸ் நகரும். பாடியில் ஆட்டம் தாங்கும் வசதி இல்லாததால் ட்ரைபாட் கட்டாயம்.

உங்கள் தொழிலில் லென்ஸைவிடப் பெரிய எதிரி ஒன்று உண்டு. நுண்ணிய கோடுகளை லேசாக மழுப்பும் லோ பாஸ் ஃபில்டர் இந்த சென்சாரின் முன்னால் இல்லை. நெருக்கமான கைத்தறி நெசவை நேராக எடுத்தால் இல்லாத அலைகளும் நிறப்பட்டைகளும் துணிமேல் தோன்றும். மாயிரே என்பது அதுதான். வாங்குகிறவர் துணியே அப்படி என்று நினைத்து ஆர்டரைத் திருப்புவார். கேமராவை அரை அடி முன்னே பின்னே நகர்த்துங்கள், அல்லது துணியைச் சற்றுத் திருப்பி வையுங்கள். அதற்கும் போகாவிட்டால் எஃப் 16 வரை சுருக்குங்கள், லேசாகக் கூர்மை குறைந்து அலை அடங்கும். டிசைனை நெருக்கமாக, தட்டையாக எடுக்கும் வேலை அதிகம் என்றால் பின்னாளில் மாமியா 645இன் 120 எம்எம் எஃப் 4 மேக்ரோ ஒன்றைத் தேடுங்கள். மூலை வரை தட்டையாக வரும்.

வாங்கும்போது சோதிக்க இரண்டு வேலை செய்யுங்கள். வெள்ளைச் சுவரை எஃப் 8இல் எடுத்து நான்கு மூலையையும் பாருங்கள். பிறகு கீழிருந்து சென்னிமலைக் கோயில் கோபுரத்தை ஃபோகஸ் செய்யுங்கள். வளையம் கடைசி வரை போயும் கோபுரம் தெளியவில்லை என்றால் அடாப்டர் கனம் கூடுதல், திருப்பிக் கொடுங்கள். கடைசிக்குச் சற்று முன்பே தெளிந்தால் கவலை இல்லை. அடாப்டர் உள்பக்கம் பளபளத்தால் வெளிச்சம் சிதறி கறுப்பு வெளுக்கும். உள்ளே மட்டான கறுப்பு வேண்டும். புரோக்கர்கள் காட்டும் பழைய லென்ஸ்களில் ஊட்டி, வால்பாறை பக்கம் கிடந்தவை வரும். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், சிலந்தி நூல் போல வெள்ளை இழை தெரிந்தால் பூஞ்சை. துடைத்தால் போய்விடும் என்பார்கள். கண்ணாடியின் மேல்பூச்சை அரித்திருந்தால் எவர் துடைத்தும் போகாது.

பில் விஷயத்திலும் உஷார். கேமராவுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2019 தொடக்கத்தில் 18 ஆனது. இன்றைக்கும் சிலர் 18 சதவீதம் என்று வாயால் கூட்டி வாங்கிக்கொண்டு துண்டுச் சீட்டைக் கொடுக்கிறார்கள். அந்தப் பணம் அரசாங்கத்துக்கும் போகாது, உங்களுக்கும் திரும்பாது. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் முறையான வரி பில் இல்லாமல் உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டிய வரி) கழிக்க முடியாது. இதைக் கேட்டால் "அப்படின்னா விலை ஏறும்" என்று மிரட்டுவார்கள். வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைக்கலாம் என்றால், ஒரு வளையத்துக்குச் சுங்கத்தில் எவ்வளவு போடுவார்கள் என்பது பார்சல் வாசலுக்கு வரும்வரை தெரிவதில்லை. சின்ன ஸ்டுடியோக்காரர் நேர்மையாக ஒரு பொருள் வாங்குவதை இவ்வளவு சிரமமாக்கி வைத்தால் புரோக்கர்தான் வளர்வார். அதனால் உள்ளூரில் பில் தருகிற கடையில் விலை சற்றுக் கூடினாலும் அங்கேயே வாங்குங்கள். முதலில் மாமியா அடாப்டர், அதில் ஒரு கேட்டலாக் முடித்துப் பாருங்கள். நிக்கான் அடாப்டரை அடுத்த மாதம் வாங்கினாலும் ஒன்றும் கெட்டுவிடாது. புரோக்கருக்கு அட்வான்ஸ் ஏதும் கொடுத்திருந்தால் அந்த 105ஐ எடுத்துக்கொண்டு போங்கள். ஆட்டோ ஃபோகஸ் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், காட்ட முடியாதபோது பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.