ஜப்பானியப் பெயரடைகள்: பட்டியலை மூடிவையுங்கள்

கேள்வி: டிசம்பரில் ஜே.எல்.பி.டி. (ஜப்பானிய மொழித் திறன் தேர்வு) என்5 என்ற தொடக்க நிலைத் தேர்வு எழுதப்போகிறேன். பெரிய, சிறிய, அழகான, குளிர்ந்த என்று பெயரடைப் பட்டியல் முழுக்க மனப்பாடம். ஆனால் வாக்கியம் அமைத்தால் தப்பாகிறது. எப்படிப் படிப்பது?

பதில்: பட்டியலில் அர்த்தம் இருக்கும், வகை இருக்காது. சிக்கல் அங்கேதான். ஜப்பானியப் பெயரடைகளில் இ-வகை, நா-வகை என்று இரண்டு உண்டு. நா-வகை நமக்குச் சுலபம். 'ஷிஸுகா' என்றால் அமைதி. 'ஷிஸுகா நா' என்றால் அமைதியான. நம் 'ஆன' செய்யும் வேலையை 'நா' செய்கிறது. 'ஷிஸுகா தெஷிடா', அமைதியாக இருந்தது.

இதே பழக்கத்தில் குளிருக்கும் 'ஸமுயி தெஷிடா' என்று சொல்லிவிடுவோம். அது தப்பு. இ-வகையில் காலமும் எதிர்மறையும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடும்: ஸமுயி (குளிர்கிறது), ஸமுகுனாயி (குளிராக இல்லை), ஸமுகட்டா (குளிராக இருந்தது). பின்னால் ஒட்டும் 'தெஸ்' மரியாதைக்கு மட்டும். பள்ளியில் படித்த 'நல்லன்', 'கரியன்' என்ற குறிப்பு வினைமுற்றுகள் நினைவிருக்கிறதா? ஏறக்குறைய அந்த ஜாதிதான். ஆனால் இது காலத்தை வெளிப்படையாகவே காட்டும். 'நல்ல' என்ற பொருள் தரும் 'ஈ' மட்டும் முரண்டு பிடிக்கும்: அதன் இறந்தகாலம் 'யோகட்டா'.

கிரே (அழகு), யூமே (புகழ்), கிராயி (பிடிக்காதது) மூன்றிலும் கவனம் வேண்டும். ஹிரகானாவில் (ஜப்பானிய மொழியின் அடிப்படை எழுத்துமுறை) 'இ' எழுத்தில் முடிந்தாலும் இவை நா-வகை.

அர்த்தத்திலும் ஒரு பொறி உண்டு. வானிலைக் குளிருக்குத்தான் ஸமுயி. தொட்டால் சில்லென்று இருக்கும் தண்ணீருக்கு ட்ஸுமெடாயி. ஒட்டாமல் பழகும் ஆளையும் ட்ஸுமெடாயி என்பார்கள். நாம் இரண்டையும் 'குளிர்ந்த' என்று ஒரே சொல்லில் மனப்பாடம் செய்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

அதனால் ஒவ்வொரு பெயரடையையும் ஒரு பெயர்ச்சொல்லோடு சேர்த்து எழுதுங்கள்: 'ட்ஸுமெடாயி மிஸு' (சில்லென்ற தண்ணீர்), 'கிரே நா ஹானா' (அழகான பூ). கீழேயே இறந்தகால, எதிர்மறை வடிவங்கள். எல்லாம் ஹிரகானாவில். நான் இங்கே தமிழில் எழுதுவது விளக்கத்துக்காக மட்டுமே. 'ஸமுகட்டா'வில் வருவது 'காகம்' என்பதன் முதல் ஒலி, 'நகாயி'யில் (நீளமான) வருவது இரண்டாவது ஒலி. நம் எழுத்து இரண்டையும் பிரிக்காது. அப்புறம், என்5-இல் பேச்சுத் தேர்வு கிடையாது என்பதற்காக வாய்விட்டுச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். கேட்டல் பகுதியில் 'ஸமுகுனாயி'யும் 'ஸமுகுனாகட்டா'வும் (குளிராக இருக்கவில்லை) வேகமாகக் கடந்துபோய்விடும்.