மேட்டில் திணறும் கார்: மேட்டுப்பாளையம் பட்டறையிலிருந்து சில பதில்கள்

நீலகிரி அடிவாரத்தில், மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். கோடை விடுமுறை வந்துவிட்டால், குன்னூர் சாலையில் பாதி ஏறித் திரும்பி வந்த வண்டிகளைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். மேட்டில் இழுவை குறைவது பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

சேலம்: ஒன்பது ஆண்டு ஓடிய பெட்ரோல் கார். ஏற்காடு ஏறும்போது இன்ஜின் அலறுகிறது, வண்டி நகர மறுக்கிறது. ஏர் ஃபில்டர், பிளக் இரண்டையும் மாற்றிவிட்டேன் அண்ணா.

அவற்றை வாங்குவதற்கு முன் இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பார்த்திருந்தால் காசு மிச்சமாகியிருக்கும், தம்பி. இன்ஜின் அலறுகிறது என்றால் அதனிடம் சக்தி இருக்கிறது. அது சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கிளட்ச் வழுக்குகிறது. ஆளில்லாத சமதரைச் சாலையில் நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்துங்கள். முள் துள்ளி ஏறி, வேகம் அப்படியே நின்றால் சந்தேகமே வேண்டாம். கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றிச் சிக்கனம் பிடிக்காதீர்கள். எப்படியும் கியர்பாக்ஸைக் கழற்றத்தான் வேண்டும்; பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஆயில் சீல் கசிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கசிந்தால் புதுப் பிளேட்டும் எண்ணெய் குடித்து மறுபடி வழுக்கும்.

மதுரை: கொடைக்கானல் மலைச்சாலையில் முதல் பத்து கிலோமீட்டர் நன்றாக ஏறுகிறது. பிறகு வெட்டி வெட்டி இழுத்து, சோர்ந்துவிடுகிறது. கால் மணி நேரம் நிறுத்தி எடுத்தால் மறுபடி சரி. பெட்ரோல் வண்டி.

உங்கள் வண்டியில் முள்ளும் வேகமும் சேர்ந்தே இறங்கும். இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை. சமதரையில் கொஞ்சம் போதும்; மேட்டில் நிறையக் கேட்கும். டேங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பம்ப் சூடேறியதும் அதைக் கொடுக்க முடியாமல் தளர்கிறது, ஆறினால் மீள்கிறது. பம்பைக் கழற்றும் முன், அழுத்தம் காட்டும் கேஜை இணைத்து, வண்டியை மேட்டில் ஏற்றியே பார்க்கச் சொல்லுங்கள். நிற்கும் வண்டியில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இதே குணம்தான். பல கார்களில் அது டேங்குக்குள் பம்போடு சேர்ந்தே இருக்கிறது. எப்போதும் ரிசர்வில் ஓட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அந்தப் பம்பைக் குளிர்விக்கிறது.

கோயம்புத்தூர்: மேடு ஏறும்போது மட்டும் செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது, வண்டி உதறுகிறது. சமதரைக்கு வந்தால் சரியாகிவிடுகிறது. சில நாள் இப்படியே ஓட்டலாமா?

கூடாது. அந்த விளக்கு தொடர்ந்து எரிந்தால் பட்டறைக்குப் போக அவகாசம் உண்டு. விட்டுவிட்டு எரிந்தால் ஒரு சிலிண்டர் பெட்ரோலை எரிக்காமல் இப்போதே தவறவிடுகிறது என்று பொருள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலுக்கு ஆகும் செலவோடு கன்வர்ட்டர் விலையை ஒப்பிட்டால் தலை சுற்றும். உருகி அடைத்துவிட்டால் புகை வெளியேற வழியில்லாமல் மேட்டில் இன்னும் மோசமாகத் திணறும்.

மேட்டில் மட்டும் ஏன்? சுமை கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். பொறி தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும். பலவீனமான காயில் அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. எந்தச் சிலிண்டர் என்று ஸ்கேனர் சொல்லும். அதன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக், அதற்குப் பிறகு பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்.

திருப்பூர்: டர்போ டீசல் வண்டி. மேட்டில் கரும்புகை, இழுவை இல்லை.

கரும்புகை என்றால் டீசல் போகிறது, காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர் சுத்தமாக இருந்தால், காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குப் போகும் குழாய்களைத் தடவிப் பாருங்கள். கிழிசல் அடிப்பக்கத்தில் ஒளிந்திருக்கும், சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ‘உஸ்’ என்று சத்தமும் வரும். புகையே இல்லாமல் இழுவை போயிருந்தால் முதலில் டீசல் ஃபில்டரைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

சென்னை: ஒரு லிட்டர் இன்ஜின், டர்போ இல்லை, வாங்கி ஆறு மாதம்தான். ஐந்து பேரோடு ஏசி போட்டு ஊட்டி போனோம், மிகவும் திணறியது. சர்வீசில் ஒன்றுமில்லை என்கிறார்கள். நம்பலாமா ஐயா?

நம்பலாம், அம்மா. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதச் சக்தியை இழக்கும். மேலே காற்றின் அடர்த்தி குறைவு. போதாததற்கு ஏசியும் ஐந்து பேரும். கொண்டை ஊசி வளைவுக்குள் நுழையும் முன்பே இரண்டாம் கியருக்கு வாருங்கள், தேவைப்பட்டால் முதலுக்கு. முள் 3,000-ஐத் தொட்டால் பயப்பட வேண்டாம். செங்குத்தான இடங்களில் ஏசியை அணைத்துவிடுங்கள். குன்னூர் தாண்டினால் அது எதற்கு?

ஈரோடு: நீங்களே ஏமாந்த வண்டி உண்டா?

உண்டு. மேட்டில் இழுவை இல்லை என்று ஒருவர் கொண்டுவந்தார். பம்ப் என்று முடிவு கட்டி மாற்றிக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்தார். இந்த முறை கூடவே உட்கார்ந்து கல்லாறு வரை போனேன். இறங்கியதும் பின்சக்கரத்தருகே கை வைத்தால் அனல்; மற்ற மூன்றும் வெதுவெதுப்புதான். ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து, பிரேக்கை விடாமல் பிடித்திருந்தது. கேபிளை மாற்றிவிட்டு, பழைய பம்பையே மறுபடி பொருத்தி, புதியதற்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது எந்த வண்டி வந்தாலும் முதலில் சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் தள்ளித்தான் பார்க்கிறேன்.